கோடக்கா தனக்குத் தைத்துக்கொண்டது

காரோ வேனோ பஸ்ஸோ, எது வந்து நின்றாலும் அதன் இருக்கைக்கு உறை தைத்து மாட்டி அனுப்புகிற பட்டறை அது. அங்கே போய்க் கோடக்காவை அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் போடும் தையல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். அதைப் பார்த்து யாரோ 'கோடு' என்று கேலியாக ஆரம்பித்து வைக்க, பின்னால் வேலைக்கு வந்த சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு 'அக்கா'வைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளிக்கு மட்டும் அவள் 'ஏம்மா'.

சேர்ந்த புதிதில் அவளை நூல் வெட்டும் மேஜையில்தான் உட்கார வைத்தார்கள். தைத்து வரும் உறைகளில் தொங்குகிற நூல்களைக் கத்தரித்துப் போட வேண்டும், அவ்வளவுதான். மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். மற்றவர்கள் சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில் இவள் குப்பையில் கிடந்த ரெக்சின் துண்டுகளைப் பொறுக்கி மிஷினில் ஓட்டிப் பழகினாள். ஒருநாள் மிஷின்காரர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். "நான் உக்காரட்டுமாங்க?" என்று கேட்டு உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு அந்த இடத்திலிருந்து அவளை யாரும் எழுப்பவில்லை. அந்தப் பட்டறையில் மிஷினில் உட்கார்ந்த முதல் பெண் அவள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் வலது கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருக்கும். மதியம் நெருங்க நெருங்கத் தோளில் ஓர் எரிச்சல் கிளம்பி, முழங்கை வழியாக இறங்கி, கடைசி இரண்டு விரல்களும் மரத்துப் போகும். மரத்த விரலால் ரெக்சினைத் தள்ளினால் அது எந்தப் பக்கம் போகிறது என்று விரலுக்கு எப்படித் தெரியும்? தையல் கோணியது. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் கோணியது.

முதலாளி ஒரு சீட்டு உறையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, இது யாரு தச்சது?"

"நான்தாங்க."

"நீயா?" என்றவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "பஸ் கம்பெனிக்காரங்க பெரிய ஆர்டர் தர்றாங்க. மொத்தமும் லெதர். லெதர்ல ஒருதரம் ஊசி இறங்குனா அந்த ஓட்டை மூடாது, பிரிச்சுத் தைக்கவும் முடியாது. லெதர் வந்து இறங்கறதுக்குள்ள கைய சரி பண்ணிக்கிட்டு வந்தா மிஷின் உன்னோடது. இல்லேன்னா உனக்கு நூல் வெட்டுற மேஜையேதான். இப்ப அங்க போ. அதுவரைக்கும் இந்தப் பொண்ணு உக்காரட்டும்."

இந்தப் பொண்ணு என்பது போன மாதம் சேர்ந்த புதுப்பொண்ணு. அது வேறு, "அக்கா, மன்னிச்சுக்கோங்கக்கா" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தது. கோடக்கா போய்க் கத்தரியை எடுத்தாள்.

மாத்திரை தின்றாள், களிம்பு தேய்த்தாள், வீட்டுக்காரர் சொன்னார் என்று தலையணையை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனையில் கை கால்களுக்குப் பயிற்சி சொல்லித் தருகிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு ரவிக்கையைத் தோளிலிருந்து கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தார்.

"இது எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"எதுங்க?"

"தோள்ல இந்தப் பள்ளம்."

"அது எப்பவும் உள்ளதுதாங்களே. எல்லாருக்கும் இருக்கும்ல?"

"எல்லாருக்கும் இருக்காதும்மா," என்றார் டாக்டரம்மா. "மார்போட பளு மொத்தத்தையும் பிராவோட இந்த ரெண்டு வாரும்தான் தூக்கிட்டு நிக்குது. சுத்தி வர்ற பட்டைதான் தாங்கணும், வார் சும்மா துணைக்கு. இப்படி அழுத்திட்டே இருந்து, அதுக்கு மேல நாள் பூரா குனிஞ்சு தைச்சா, நரம்பு என்ன பண்ணும்? நான் பயிற்சி சொல்லித் தர்றேன், செய்யுங்க. ஆனா முதல்ல அளவா ஒரு பிரா வாங்கிப் போடுங்க."

அளவாக ஒன்று! சொல்ல எவ்வளவு சுலபம். கோடக்கா மூத்த பிள்ளை பெற்ற காலத்தில் என்ன அட்டைப்பெட்டியைக் கைகாட்டி வாங்கினாளோ, அதையே இன்றுவரை கைகாட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். கடையில் நின்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். போட்டுப் பார்க்க இடமும் கிடையாது. இந்த முறை வெட்கத்தை மென்று விழுங்கிவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினாள். கிண்ணம் பொருந்தினால் பட்டை தொளதொள. பட்டை பொருந்தினால் கிண்ணம் பொம்மைக்குத் தைத்தது போல. போதாததற்கு அவளுக்கு இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சற்றுப் பெரிது. அதற்கு எந்தக் கம்பெனிக்காரன் அளவு போட்டு வைத்திருக்கிறான்? "வாரை நல்லா இழுத்து விட்டா சரியாப் போயிடும்க்கா," என்றாள் கடைப்பெண். இழுத்து விட்டு இழுத்து விட்டுத்தானே தாயே இந்தக் கதி!

வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள். மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி அந்தச் சத்தத்துக்கே இறங்கி வந்துவிட்டாள். கொழுந்தனின் மனைவி, வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரிது.

"என்னக்கா, யார் மேல கோவம்?"

"இது மேலதான்," என்று கோடக்கா தன் மார்பையே காட்டினாள். "சனியன். இது இப்படி இல்லாம இருந்தா நான் ஏன் கத்தரிக்கோலோட உக்காந்திருக்கப் போறேன்?"

"அதை ஏன் திட்டுறீங்க? எந்த வண்டி சீட்டா இருந்தாலும் அளவெடுத்து உறை தைக்கிறீங்க. உங்களுக்குத் தைச்சுக்க மாட்டீங்களா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் கோடக்காவுக்குச் சுருக்கென்று பட்டது. அளவு தெரியாத வண்டி வந்தால் பட்டறையில் என்ன செய்வார்கள்? இருக்கையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே காகித டேப் ஒட்டி, எங்கெங்கே வளைகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டு, கோட்டின்மேல் வெட்டிப் பிரித்தால் தட்டையாகத் தரையில் படுத்துவிடும். அதுதான் மாதிரி. உடம்பு மட்டும் என்ன பெரிய அதிசயம்? அதுவும் ஒரு வளைவுதானே!

கதவைத் தாழ் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். சமையலறையில் இருந்த பிளாஸ்டிக் தாளை ஓரகத்தி சுற்றச் சுற்ற, கோடக்கா கையைத் தூக்கிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றாள். "மூச்சு விடாதீங்கக்கா, டேப் சுருங்குது." "அங்க கிள்ளாதடி!" "நான் எங்க கிள்ளினேன், டேப்புதான் பிடிச்சு இழுக்குது." வெளியே வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டார். "சீட்டு உறை தைக்கிறோம்," என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஒட்டிய டேப் பாதி பிய்ந்தது. மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டியதாயிற்று.

கிண்ணத்துக்கு நீளாத பருத்தித் துணி. பட்டைக்கு, இழுத்தால் நீண்டு விட்டால் திரும்புகிற வலைத்துணி. கொக்கியும் கம்பியும் பழையதிலிருந்து பிரித்து எடுத்தது. வீட்டு மிஷினில் உட்கார்ந்து முதல் பிராவைத் தைத்து முடித்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டாள். அவ்வளவுதான், உயிர் போய்விட்டது. மேலே பிதுங்கியது, அக்குளில் பிதுங்கியது, மூச்சு பாதியில் நின்றது.

"கழட்டு, கழட்டுடி!" என்று அலறினாள்.

என்ன செய்திருக்கிறாள் என்றால், கைப்பழக்கம். இருக்கை உறையை ஸ்பாஞ்சைவிட ஒரு சுற்றுச் சின்னதாக வெட்டுவார்கள். அப்போதுதான் இழுத்து மாட்டும்போது சுருக்கம் இல்லாமல் விறைப்பாக உட்காரும். யோசிக்காமல் தன் உடம்புக்கும் அதே போல ஒரு சுற்றுக் குறைத்து வெட்டிவிட்டாள். சீட்டுக்காரி புத்தி! ஸ்பாஞ்ச் அழுத்தினால் அமுங்கும். இவள் அமுங்குவாளா?

இரண்டாவதைக் குறைக்காமல் வெட்டினாள். போட்டு நின்றபோது பிரமாதமாக இருந்தது. ஓரகத்தி சுற்றிச் சுற்றி வந்து, "சினிமாக்காரி கெட்டா போங்கக்கா," என்றாள். கோடக்கா கீழே விழுந்த குண்டூசியை எடுக்கக் குனிந்தாள். படக். படக். படக். பட்டையின் தையல் வரிசையாக அறுந்தது. பட்டை ஓரத்தில் வைத்த எலாஸ்டிக்கை அவள் தன் பெயருக்கு ஏற்றபடி நேர்க்கோடாகத் தைத்திருந்தாள். துணி நீண்டது, நூல் நீளவில்லை. நீளும் துணியை ஜிக்ஜாக் போட்டு வளைந்து வளைந்துதான் தைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ரெக்சினிலேயே காலம் தள்ளியவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஜிக்ஜாக் போடக் கை கூசியது. ஏதோ குடித்துவிட்டுத் தைக்கிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

மூன்றாவதை வெட்டும் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். மாதிரி எடுத்தது மூச்சைப் பிடித்துக்கொண்டு, விறைத்து நின்றபோது. அவள் வேலை செய்வதோ குனிந்து உட்கார்ந்து, மூச்சு விட்டுக்கொண்டு. நிற்கிறவளுக்குத் தைத்ததை உட்கார்ந்திருப்பவள் எப்படிப் போடுவாள்? மறுபடி டேப் சுற்றச் சொன்னாள். இந்தமுறை மிஷின் முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டித் துணி தள்ளுகிற வாக்கில். இடப்பக்கத்துக்குத் தனி மாதிரி, வலப்பக்கத்துக்குத் தனி மாதிரி. பட்டையை முதுகில் மேலே ஏறாதபடி இறுக்கமாக வைத்தாள். வாரை அகலமாக, உள்ளே மெத்தென்று துணி வைத்துத் தைத்தாள்.

அதைப் போட்டுக்கொண்டு வாரைத் தோளிலிருந்து இறக்கிவிட்டாள். கிண்ணம் இறங்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தது. ஓரகத்தி நம்பாமல் பட்டையைத் தானே ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.

அதே மாதிரியை வைத்து மாற்றிக்கொள்ள இன்னும் சில தைத்தாள். டாக்டரம்மா சொன்ன பயிற்சியையும் விடவில்லை. எரிச்சல் ஒரேயடியாக ஓடிவிடவில்லை. ஆனால் மதியம் வந்தது சாயங்காலத்துக்குத் தள்ளிப் போயிற்று, பிறகு சாயங்காலத்திலும் காணோம். நூல் வெட்டும் மேஜையில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் சுண்டுவிரலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பாள். வலிக்கும். வலித்ததும் சிரிப்பாள்.

பஸ் கம்பெனியின் லெதர் வந்து இறங்கிய அன்று நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள். "கை சரியாப் போச்சுங்க."

அவர் ஒரு லெதர் துண்டை நீட்டினார். தலை சாய்க்கும் பகுதி, நாலு பக்கமும் வளைவு. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் திரும்பியிருந்தார்கள். அவளுக்கு வழக்கமாகக் கை மரக்கும் நேரம் அது, அவரும் தெரிந்தேதான் கொடுத்தார். புதுப்பொண்ணு எழுந்து இடம் விட்டது. கோடக்கா தைத்துக் கொடுத்தாள். முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலால் தையலைத் தடவிப் பார்த்தார்.

"என்ன வைத்தியம் பண்ணின?"

"அது... தானா சரியாயிடுச்சுங்க."

"தானா போனது தானா திரும்பி வரும். பாதி ஆர்டர்ல கை மறுபடி மரத்துப் போனா நான் யார்கிட்ட போய் நிக்கிறது? என்ன கோளாறு, எதனால போச்சுன்னு சொல்லு. சொல்லலேன்னா மிஷின் கிடையாது. நீயா இருந்தாலும் சரி."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் கொடுமை. சுற்றிலும் ஆண்கள். ஸ்பாஞ்ச் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்தார். எண்ணெய் தேய்த்தேன், ஊசி போட்டேன் என்று ஏதாவது அளந்துவிடலாமா என்று கோடக்காவுக்குத் தோன்றியது. அளந்தால் இந்த மனிதர் நோண்டி நோண்டிக் கேட்பார், மாட்டிக்கொள்வோம். மேஜையில் கிடந்த கத்தரியைப் பார்த்தாள். வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"பிராவாலங்க," என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. "கடையில வாங்குனது எதுவும் எனக்கு அளவு இல்ல. வார் தோளை அழுத்தி அழுத்தி நரம்பு மரத்துப் போச்சு. நானே மாதிரி எடுத்துத் தைச்சுப் போட்டுக்கிட்டேன். இப்ப அழுத்தல. அதான்."

முதலாளி அவளைப் பார்க்கவில்லை, கையிலிருந்த லெதரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வருகிறதா, அருவருப்பு வருகிறதா என்று அவள் தவித்துக்கொண்டு நின்றாள்.

"பளு தோளுக்கு ஏன் போச்சு?" என்றார் அவர். "கீழ்ப்பட்டை லூசா?"

"ஆமாங்க."

"பின்ன? சீட்டுல அடிப்பலகை ஆடினா முதுகுதானே தாங்கும். எத்தனை வருஷமா?"

"மூத்தவன் பொறந்ததுலேருந்துங்க."

"இத்தனை வருஷமா தப்பான உறையப் போட்டுக்கிட்டு சீட்டு மேல குத்தம் சொல்லிட்டு இருந்தியாக்கும்," என்றார். லெதர் துண்டை மேஜையில் வைத்தார். "போய் உக்காரு. முதல் வண்டி நாளைக்குப் போகணும்." ஸ்பாஞ்ச் வெட்டுகிறவரைத் திரும்பிப் பார்த்து, "உனக்கென்ன வேடிக்கை? வெட்டு," என்றார்.

கோடக்கா மிஷினில் உட்கார்ந்தாள். லெதரை ஊசிக்கு அடியில் வைத்தாள், ஆனால் காலை அழுத்த முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை இல்லை, மிஷின் திரும்பக் கிடைத்த சந்தோஷமும் இல்லை. தன் மேலேயே கோபம். சனியன் என்று எத்தனை தடவை தன் உடம்பைத் தானே திட்டியிருப்பாள்! கண்ணாடியில் பார்க்காமலே எத்தனை நாள் உடுத்தியிருப்பாள்! அது பாவம், ஒரு தப்பும் செய்யாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, காலையில் எழுந்து அவளோடு பட்டறைக்கு வந்து அவளுக்காக உழைத்திருக்கிறது.

"ஏம்மா," என்று பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "அழறதுன்னா தள்ளி நின்னு அழு. லெதர்ல தண்ணி பட்டா கறை போகாது."

"சரிங்க," என்றாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தன்னைத்தானே கட்டிப் பிடித்தபடி, ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.