நான் கேட்காத ஆட்டம்

நான் பொய் எழுதினேன். காது கேளாத என் கணவருக்கு, ஒரு சிலேட்டில், கிரிக்கெட்டைப் பற்றி, மூன்று வருடம் பொய் எழுதினேன்.

சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதிப் பார்த்தபோது எனக்கே இது அற்பமாகத்தான் பட்டது. ஒரு விளையாட்டில் யார் எப்படி அவுட் ஆனான் என்பதில் என்ன பெரிய பாவம் இருந்துவிடப் போகிறது... இப்படிச் சொல்லித்தான் இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொண்டேன். சிரித்து முடித்த பிறகு மீதியையும் படியுங்கள்.

எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது.

சுதந்திரம் வந்த மறுவருடம் எங்களுக்குக் கல்யாணம். ஃபிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த எபனேசர், பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "உனக்கு கிரிக்கெட் பிடிக்குமா?" பிடிக்கும் என்று தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல மனிதராகத் தெரிந்தார், அவரை இழக்க எனக்கு மனமில்லை. அந்தத் தலையாட்டலில் ஆரம்பித்தது எல்லாம்.

டெஸ்ட் மேட்ச் வந்துவிட்டால் எங்கள் தெருவில் வேறு பேச்சே கிடையாது. தெருமுனையில் ஹமீது பாயின் தையற்கடையில் ஒரு ரேடியோ இருந்தது. மேட்ச் நாளில் அங்கே தையல் மெஷின்கள் நின்றுவிடும். ஆண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். பெண்கள்கூட அரிசி புடைத்துக்கொண்டே ஸ்கோர் கேட்பார்கள். எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்து, ஒன்றாக விடுவார்கள். நான் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வெளியே, ஆனால் உள்ளே இருப்பதாக முகத்தை வைத்துக்கொண்டு... ஐந்து நாள் முகத்தை அப்படி வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியுமா?

கல்யாணமாகி நான்காம் வருடம் அவருக்குக் காசநோய் வந்தது. தினம் ஒரு ஊசி என்று மாதக்கணக்கில் போட்டார்கள். நோய் போயிற்று, கூடவே காதும் போயிற்று. முதலில் மணிச்சத்தம் போல ஏதோ கேட்கிறது என்றார். பிறகு அதுவும் இல்லை. முப்பத்தோரு வயது அவருக்கு.

ஆபீசில் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். பேச வேண்டிய அவசியமே இல்லாத பழைய ஃபைல்கள் அறைக்கு அவரை மாற்றினார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வருவார், என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைத் திரும்ப மனிதர்களோடு சேர்த்துவிட்டவர் தாமஸ் அண்ணன்.

தாமஸ் அண்ணன் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை, எங்கள் தெருவிலேயே வீடு. இவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துவிட்டு, தினம் சாயங்காலம் ஹமீது பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே நடக்கிற பேச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்த நோட்டில் எழுதிக் காட்டுவார். இவர் படித்துவிட்டு உரக்கப் பதில் சொல்வார். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் மனிதராக இருந்த நேரம்.

மேட்ச் வந்தபோது தாமஸ் அண்ணன், "நான் கேட்டு எழுதறேன், நீ கடைக்கு வந்துடு" என்று எழுதிக் காட்டினாராம். இவர் மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார்:

"அவனாவது நிம்மதியா கேக்கட்டும், பாவம். எனக்கு நீ இருக்க. உனக்குதான் இங்கிலீஷ் நல்லா வருமே. ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம் கிரேஸ்."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு இதில் ஆசை இல்லை, தாமஸ் அண்ணனிடமே போங்கள் என்று... சொல்லவில்லை. தலையாட்டினேன்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். கிறிஸ்துமஸ் லீவிலும் பொங்கல் லீவிலும்தான் பெரும்பாலும் மேட்ச் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்கள் வீட்டு ரேடியோவின் பக்கத்தில் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பேன். அவர் எதிரே நாற்காலி போட்டு என் பல்பக் குச்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் இரண்டு மேட்சுக்கு ஒழுங்காகத்தான் எழுதினேன், நம்புங்கள்! அதற்குப் பிறகு அலுப்பு வந்துவிட்டது. ரேடியோ பேசிக்கொண்டே போகும், என் மனம் எங்கோ போய்விடும். திரும்பி வரும்போது நாலைந்து பந்து போயிருக்கும். அவர் கண் என் கையில் இருக்கும். ஏதாவது எழுதியாக வேண்டுமே... எழுதினேன்.

மறுநாள் பேப்பரில் வந்துவிடாதா என்கிறீர்களா? ஸ்கோரில் நான் கை வைக்கவில்லை. அதை ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இடையில் உள்ளதைத்தான், சாயங்காலம் கடையில் யாரும் பேசாத சில்லறை விஷயங்களைத்தான் இட்டுக்கட்டினேன். பந்து எந்தப் பக்கம் போயிற்று, யார் ஓடிப்போய்த் தடுத்தான், கூட்டம் எப்படிக் கத்தியது... என் பொய்யைப் படித்து அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிடும். இரக்கத்தால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. இல்லை. சோம்பலாலும் வெறுப்பாலும் செய்தேன்.

அந்தப் பொங்கல் லீவில் நான் கோலார் தங்கவயலில் இருந்திருக்க வேண்டியவள். என் தங்கைக்குத் தலைப்பிரசவம், நீ வந்தால் தைரியமாக இருக்கும் என்று எழுதியிருந்தாள். அவரிடம் சொன்னேன். "மெட்ராஸ்ல டெஸ்ட் மேட்ச் ஆச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார், போகாதே என்றுகூடச் சொல்லவில்லை. நான் போகவில்லை.

மேட்சின் கடைசி நாள். மத்தியானம் தங்கையின் கடிதம் வந்தது. குழந்தை பிறந்து ஒரு நாள்கூடத் தங்கவில்லை. நான்கு வரிதான் எழுதியிருந்தாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. ரேடியோவில் ஒரே இரைச்சல். நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஆர்வத்தோடு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்முடைய ஆட்டக்காரன் ஒருவன், அன்றைக்கு எல்லோரும் நம்பியிருந்தவன், அவுட் ஆகியிருந்தான். எப்படி என்று எனக்குத் தெரியாது. பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதனுக்கு இதுவா இப்போது முக்கியம்! சிலேட்டில் எழுதினேன்: ஸ்லிப்பில் கேட்ச்.

"சொன்னேன்ல!" என்று துள்ளி எழுந்தார். "அவன் வெளிய போற பந்துல பேட்ட நீட்டுவான், ஸ்லிப்ல குடுப்பான்னு நேத்தே தாமஸ் கிட்ட சொன்னேன்."

கடிதத்தைப் பற்றி நான் அவரிடம் அன்று சொல்லவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனார். காது கேளாதவரின் குரல் எப்போதும் உச்சத்தில் இருக்கும். கடையில் அவர் பேசியதெல்லாம் என் சமையலறை ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. அந்த ஸ்லிப் கேட்சை அவர் விளக்கினார். பேட்டின் கோணம், கால் நகராதது, எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர் மாதிரி வெகுநேரம் பேசினார். அப்புறம் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அந்த ஆட்டக்காரன் ரன் அவுட் ஆகியிருந்தான். எதிர்முனையில் இருந்தவன் வா என்று கூப்பிட்டுவிட்டுப் பாதியில் திரும்பிவிட்டானாம். தெரு முழுக்க அதைப் பற்றித்தான் சண்டை. தாமஸ் அண்ணன் அதை நோட்டில் எழுதிக் காட்டியிருக்கிறார்.

"என் பொண்டாட்டி காதால கேட்டு எழுதனா. அவ பொய் சொல்வாளா? செவிடன்னு ஆளாளுக்கு கிண்டல் பண்றீங்களா?" என்ற குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் இவங்க கூட சேந்துட்டியா தாமஸ்? இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று கேட்டது. ஹமீது பாய், "விடுங்கப்பா, அவரு பேஜாராயிட்டாரு" என்று யாரையோ அடக்கினார்.

என் வீட்டு வாசலிலிருந்து அந்தக் கடைக்கு நாற்பது அடி இருக்குமா? நான் போய், தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டேன்.

மறுநாள் காலை பேப்பரைப் படித்தார். இரண்டு முறை படித்தார். நான் சிலேட்டை எடுத்து, ரேடியோ கொரகொரவென்று இருந்தது, சரியாகக் கேட்கவில்லை என்று எழுதினேன். அவர் என்னைக் கோபிக்கவே இல்லை. "நீ என்ன பண்ணுவ" என்றார். பிறகு, "தாமஸ் கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது? அவனே வந்துட்டா நல்லா இருக்கும்" என்றார்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் என் ஒப்புதல். இதுவரை சொன்னது அதற்கு முன்னுரை.

எங்கள் வீட்டில் கதவு தட்டும் சத்தம் என் ஒருத்திக்குத்தான் கேட்கும். தாமஸ் அண்ணன் வந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார். என் கணவர் பின்கட்டில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பத்து அடி தள்ளி! நான் கதவைப் பாதி திறந்து, தூங்குகிறார் என்றேன்.

ஏன்? தாமஸ் அண்ணன் உள்ளே வந்தால் நோட்டு வெளியே வரும். அன்றைக்கு ரேடியோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது என்று எழுதுவார். அப்புறம் ஒவ்வொரு மேட்சாகப் பேச்சு வரும், மூன்று வருடத்துக் கதையும் சந்திக்கு வரும். பொய் தெரிந்தால் என் கணவர் மன்னித்துவிடுவார், அது எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் சேர்ந்து கேட்கிறோம் என்று அவர் நம்பியிருந்த அந்த ஒன்று... அதில் நான் ஒருநாளும் அவரோடு இருந்ததில்லை என்பது தெரிந்துபோகுமே. அதற்குத்தான் பயந்தேன்.

இரண்டாம் முறை வந்தபோது ஒரு சீட்டைக் கொடுத்தார். டேய் எபா, ஒரு அவுட்டுக்கா இவ்வளவு கோபம், நான் ஒன்றும் நினைக்கவில்லை, கடைக்கு வா என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். மூன்றாம் முறை வந்தபோது நான் சொன்ன வார்த்தை இதுதான்: "உங்களப் பாக்க அவருக்கு இஷ்டம் இல்லண்ணா. சொல்லச் சொன்னாரு."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதற்குப் பிறகு வரவில்லை. சில மாதத்தில் லிங்கராஜபுரத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாட்களில் என் கணவர் தினமும் ஆபீசிலிருந்து வந்ததும், "தாமஸ் வந்தானா?" என்று கேட்பார். இல்லை என்று எழுதுவேன். அவர் படித்ததும் துடைத்துவிடுவேன். ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டார். கடைக்கும் போகவில்லை. ரேடியோவின் பக்கம் என்னை உட்காரச் சொல்லவும் இல்லை. எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது! மேட்ச் நாளில் தெருவே இரைந்துகொண்டிருக்கும்போது, நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சில்லாமல் சாப்பிடுவோம். ஏழு வருடம் அப்படி. அதன் பிறகு அவர் நுரையீரல் மறுபடி கெட்டது, இந்த முறை எழுந்திருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குத் தாமஸ் அண்ணன் வந்திருந்தார், தலை நரைத்திருந்தது. எல்லோரும் மண் போட்டு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கடைசி வரைக்கும் அவனுக்கு என் மேல கோவம் தீரலயா தங்கச்சி?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். துக்கத்தில் பேச முடியவில்லை என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. தீரவில்லை என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நான் நின்றேன்.

அவர் இன்னும் இருக்கிறார். நெஞ்சுவலி வந்து ஒரு மாதம் படுத்துக் கிடந்ததாக ஹமீது பாய் போன வாரம் சொன்னார். லிங்கராஜபுரம் எத்தனை தூரம்? நடந்தே போய்விடலாம். பலமுறை புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன், வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அந்த நெஞ்சுவலிச் செய்தியைக் கேட்டபோது என் மனதில் முதலில் எழுந்தது கவலை இல்லை. அவரும் போய்விட்டால் நான் யாரிடமும் இதைச் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் எழுந்தது... அதையும் மறைக்காமல் இங்கே எழுதிவிட்டேன். அவரிடம்தான் இன்னும் போகவில்லை.