கடைசிப் பாட்டும் மிட்டாய்க்கடைப் பேச்சிமுத்துவும்

பேச்சிமுத்து என்ற பேரைக் கிளாடிஸ் முதலில் கேட்டது, கப்பலில் வேலை பார்க்கும் மகன் இனிகோ போனில் சொல்லித்தான்.

"எம்மா, பேச்சிமுத்துன்னு ஒருத்தரு நம்மூர் திருவிழா நாடகத்தை யூடியூப்ல போட்டிருக்காரு. அப்பா பட்டாளக்காரனா நின்னு கொட்டாவி விட்டதுகூட இருக்கு."

விசாரித்தால் ஆள் ஏரல்காரர். திருவிழா, கோயில்கொடை எங்கே நடந்தாலும் கருப்பட்டி மிட்டாய்க் கடை போடுகிறவர். வியாபாரத்தை மனைவி வடிவம்மாள் தலையில் கட்டிவிட்டு, செல்போனும் கையுமாக மேடைக்கு முன்னால் போய்விடுவார்.

இந்த வருசம் அவர்கள் ஊரான பெரியதாழையின் திருவிழா நாடகத்தில் கிளாடிஸின் கணவன் ரெக்ஸுக்கு, விசுவாசத்துக்காக உயிர்விடும் வேதசாட்சி வேசம். அதுவரை அந்த வேசம் கட்டியவர் கிளாடிஸின் கொழுந்தனுடைய மாமனார். அவருக்கு மூட்டுவலி வந்ததில், இருபது வருசம் ஈட்டியோடு ஓரமாக நின்ற ரெக்ஸுக்கு யோகம் அடித்தது.

"அப்பா உயிர்விடுத பாட்டை மட்டும் எப்படியாவது பாத்துரணும்" என்றான் இனிகோ.

கிளாடிஸ் படம் எடுத்தால் ஆளுக்குத் தலை இருக்காது. நேரே மிட்டாய்க் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, கடைசிப் பாட்டை விட்டுறாதிய."

"கை ஆடாம எடுத்துத் தாரேன் தங்கச்சி."

கை ஆடவில்லைதான். ஆனால் வேதசாட்சி உயிர்விடும் பாட்டைத் தொடங்கியதும் கூட்டம் முழுக்க மணலில் முழந்தாளிடுவது அந்த ஊர் வழக்கம். போன வருசம் செல்போனில் சார்ஜ் தீர்ந்து பாதியில் போன பேச்சிமுத்துவுக்கு அது தெரியாது. எல்லாரும் சரசரவென்று இறங்கவும், நின்றால் மரியாதையில்லை என்று அவரும் முழந்தாளிட்டுக் கைகூப்பினார். செல்போன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில். மற்றவர்களும் கைகூப்பியிருந்ததால் வேறு யாரிடமும் படம் இல்லை.

மறுநாள் பார்த்தால் பாட்டு முழுக்கத் திரை ஒரே கறுப்பு.

"வடிவு ஏசுத ஏச்சு தாங்கல. இதப் போடவா, வேண்டாமா?" என்றார் பேச்சிமுத்து.

"சத்தம் இருக்குல்லா. போடுங்க அண்ணாச்சி" என்றாள் கிளாடிஸ். சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு மகனுக்கு அவள் போன் போடவில்லை.

இனிகோவே கூப்பிட்டான். சிரிப்பில் பேச்சே வரவில்லை. ரெக்ஸ் இரண்டாவது அடியில் பாட்டை மறந்து நின்றதும், பேச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த கிளாடிஸ், "'கடலே சாட்சி'ன்னு எடுங்க, முழிக்காதிய" என்று அதட்டியதும், ரெக்ஸ் தொண்டையைத் திறந்து பாடி முடித்ததும் அப்படியே பதிவாகியிருந்தன.

"அப்பா மூஞ்சியப் பாக்கல. ஆனா நம்ம வீட்டுக்குள்ள வந்த மாதிரியே இருந்துச்சும்மா. கப்பல்ல எல்லாரையும் கேக்க வச்சேன்."

பேச்சிமுத்து இப்போது ஆத்தூர்ப் பக்கம் ஒரு அம்மன் கொடையில் கடை போட்டிருக்கிறார். செல்போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்.