கூடையில் இல்லாத செருப்பு

டொபேகோ தீவின் புக்கூ கடற்கரையில் எர்லின் குவாஷியை மதிக்காத படகுக்காரன் கிடையாது. பவளப் பாறையைப் பார்க்கப் போகும் பயணிகளுக்கு இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் காவல். அவள் கணக்கே தனி. படகில் ஏறும்போது எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். நீந்திவிட்டு மேலே வந்தவர் தன் ஜோடியை எடுத்துக்கொள்ள வேண்டும். கூடை காலியானால்தான் இன்ஜின் ஓடும். தலையை எண்ணினால் தப்பும், செருப்பு தப்பாது என்பாள்.

அன்று பதினொரு பேர். கனடாவிலிருந்து வந்த பெரியவர் பெல்லரோஸ் மட்டும் வெறுங்காலோடு நின்றார். ஒரே வாரத்தில் தீவுக்காரராகிவிட்ட மிதப்பு அவருக்கு.

"செருப்பு எங்க ஐயா?"

"உங்க ஊர் மணல் சுகமா இருக்கும்மா. செருப்பு எதுக்கு?"

எர்லின் சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டாள். சனியன், அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று.

வழி நெடுக அவர் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே வந்தார். பாறைக்கு மேலே தண்ணீரில் வெயில் வலை வலையாக அசைந்தது. நீல மீன்கள் கூட்டமாக வந்து, யாரையும் சட்டை செய்யாமல் போயின. முகமூடி மாட்டியவர்கள் குப்புற மிதந்தபடி நேரத்தை மறந்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எர்லினுக்கு அங்கே கண் சொக்கும்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். கூடை காலி. படகோட்டி டெல்வின் பின்னால் இன்ஜினைக் கிளப்பினான். முன்னால் மிதவையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்த எர்லினுக்கு என்னவோ குறைவதாகப் பட்டது. அந்த முனகல்! நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுக்கும் பாறை விளிம்பில் ஒரு நரைத்தலை தெரிந்தது.

"டெல்வின், நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே குதித்தாள். இன்ஜின் மேல் குனிந்திருந்தவனுக்கு அந்த இரைச்சலில் எங்கே கேட்கும்? வேடிக்கை காட்டுகிறாள் என்று பயணிகள் கை தட்டினார்கள்.

பெல்லரோஸ் ஓர் ஆமையின் பின்னால் கனவில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தார். தோளைப் பிடித்து இழுத்தாள்.

"அதுக்குள்ள நேரமாயிடுச்சாம்மா?"

"ஆயுசே முடிஞ்சிருக்கும் ஐயா! என்னைக் கெட்டியாப் பிடிங்க."

திரும்பிப் பார்த்தால் படகு போய்க்கொண்டிருந்தது. கூடைதான் காலியாயிற்றே, டெல்வினுக்கு வேறென்ன வேண்டும்? ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். நீரோட்டம் காலை இழுத்தது. கடலில் முதல் தடவையாக எர்லின் பயந்தாள். கழுத்தில் கிடந்த விசிலை மூச்சு முட்ட ஊதினாள். நாலாவது ஊதலுக்குப் படகு வளைந்தது.

இருவரையும் தூக்கிப் போட்ட டெல்வினின் முகத்தில் ஈயாடவில்லை. "கூடை காலியா இருந்துச்சேக்கா..." என்றான்.

மறுநாள் காலை, பயணிகள் வருமுன்பே தேய்ந்துபோன ஒரு ரப்பர் செருப்பு ஜோடி கூடையில் கிடந்தது.

"இது உன்னுதாச்சே! நீ எப்போக்கா டூரிஸ்ட் ஆன?" என்று டெல்வின் சிரித்தான்.

"நானும் வீட்டுக்குத் திரும்பணும்டா. இருபத்திரண்டு வருஷமா என்னை யாருமே எண்ணல."

டெல்வின் சிரிப்பை விழுங்கினான். கூடையை இழுத்து, தன் கண்ணில் படும்படி இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.