வருகைக்காரர் வீடு திரும்பிய சாயங்காலம்

எடைமேடை குமாஸ்தாவுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் வருகைக்காரர். ஆண்டவருடைய இரகசிய வருகை எந்த நேரமும் நடக்கலாம், விழித்திருப்பவர்கள் சட்டென்று மறைந்து பரலோகம் போவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே பேச்சு இதுதான். சரக்கை நிறுக்க வருகிற லாரி டிரைவர்களிடமும் அதே பல்லவி. "நீ கைவிடப்படுவ தம்பி, முகத்துலயே தெரியுது" என்று சொல்லித்தான் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். தனக்கு மட்டும் மேலே இடம் பிடித்தாயிற்று என்கிற மிதப்பு. அந்த மிதப்புக்குப் பெயர் விழிப்பாம்!

அன்று காலை மனைவி இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நெஞ்செல்லாம் என்னமோ பண்ணுதுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?"

"உலகமே முடியப்போகுது, உனக்குக் கை வலி, கால் வலி! ஜெபம் பண்ணிட்டுப் படு, சரியாயிடும்."

டிவியில் ஓடிய பூகம்பச் செய்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார் அந்த மகானுபாவர். கடைசிக் கால அடையாளங்கள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எதிரே வேர்த்துக் கொட்டிய முகம் மட்டும் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் வந்தால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது. அவள் செருப்பு வாசலில், மூக்குக்கண்ணாடி தரையில். கூப்பிட்டால் பதில் இல்லை. வருகைக்காரர் அறை அறையாகத் தேடினார். வருகை நடந்துவிட்டது! அவள் போய்விட்டாள், அவர் நிற்கிறார்!

தரையில் விழுந்து கத்தினார்.

"ஆண்டவரே, உபவாசம் இருந்தது நான்! ஜெபத்துல தூங்கி வழியிறவ அவ! அவளை எடுத்துட்டு என்னை எப்படி விடலாம்?"

கட்டியவள் பரலோகம் போனாளே என்று ஒரு சொட்டு சந்தோஷம் உண்டா? முந்திக்கொண்டாளே என்று வயிற்றெரிச்சல். சீ, என்ன மனுஷன்!

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஓடிவந்தாள்.

"அண்ணே, அக்கா மயங்கி விழுந்துட்டாங்க. மாரடைப்பாம். ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு இப்பத்தான் வர்றேன். பிழைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. உங்க போனுக்கு எத்தனை வாட்டிதான் அடிக்கிறது?"

வருகைக்காரர் எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். முகமெல்லாம் பல்.

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! அப்ப வருகை இன்னும் வரலை!"

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னு கேளுங்க அண்ணே," என்றாள்.