ஆண் கழுகின் முறை

எல்லர்ஸ்லியில் எங்கள் அலுவலகத் தேநீர் அறையில் இப்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. சுவரில் மாட்டிய டிவியில், அமெரிக்காவில் ஏதோ ஒரு பைன் மர உச்சியில், வெண்தலைக் கழுகு ஒன்று முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. கேமரா வைத்து நேரலையாகக் காட்டுகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கழுகு மிரண்டுவிடுமோ என்று, கழுகே இல்லாத இந்தத் தென்கோடித் தீவு நாட்டில் பிஸ்கட்டைக்கூட மெதுவாகக் கடிக்கிறார்கள்.

முதலில் சிரித்தேன். பிறகு நானும் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தைந்து நாள் அடைகாக்க வேண்டும், பெண்ணும் ஆணும் முறை வைத்து. ஆண் உருவத்தில் சிறியது. மீனைக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன், நம்மூர் ஆம்பளையைப்போல. இல்லை. பெண் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தால் இடித்து எழுப்பிவிட்டு, தானே உட்கார்கிறது. நகம் பட்டு முட்டை உடையாமலிருக்க, விரல்களை மடக்கி முஷ்டியால் நடக்கிறது. போன வருடக் காணொளியில் அதே ஆண், மீனைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் குஞ்சின் வாயில் வைக்கிறது. மூன்று மாதத்தில் குஞ்சு பறக்கிறது. அதற்குப் பிறகும் சில வாரம் இரண்டு பேரும் இரை கொடுக்கிறார்கள்.

என் மகள் பிறந்தபோது நான் என்ன செய்தேன்? தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று இரு வீட்டாரும் சொல்ல, ஏழாம் மாதம் என் மனைவி வித்யாவை விமானம் ஏற்றிக் கரூருக்கு அனுப்பினேன். குழந்தையை ஐந்தாம் மாதத்தில்தான் தூக்கினேன். வீறிட்டு அழுதாள். "புது ஆளுன்னு பயப்படுதுங்க," என்றார் மாமியார். பெற்ற அப்பனைப் புது ஆள் என்கிறார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மகளுக்கு இப்போது ஆறு வயது. காய்ச்சலில் நான் மருந்தை நீட்டினால் வாயைத் திறக்கமாட்டாள். "ஐ வான்ட் மம்மி" என்பாள்.

இரண்டாவது பிரசவம் இங்கேயே. எட்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு கேட்டு மேனேஜர் ஹெலனிடம் போனேன். ஆண் கழுகு பனியில் நனைந்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கண் கலங்கியவர் அவர்.

"எட்டு வாரமா? உங்கள் மாமியார் வருகிறாரே?"

"வருகிறார். குழந்தையை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

"உங்கள் கலாசாரத்தில் ஆண்களுக்கு இதில் வேலை இல்லை அல்லவா? நான் அதை மதிக்கிறேன். இரண்டு வாரம் போதாதா?"

கழுகுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? யார் சொன்னது உங்களுக்கு என்று கத்தப்போனேன். "நீங்கள்தான் சொன்னீர்கள்," என்றார் ஹெலன், என் முகத்தைப் பார்த்து முந்திக்கொண்டு. உண்மைதான். மகள் பிறந்த அன்று வழக்கம்போல வேலைக்கு வந்து, இனிப்பு கொடுத்து, எங்கள் ஊரில் ஆண்கள் இதற்கெல்லாம் தேவையில்லை என்று பெருமையடித்தவன் நான்தான். அந்த வாய்க்கொழுப்பை ஆறு வருடம் மறக்காமல் வைத்திருக்கிறார் இந்த அம்மாள். அவர்மேல் வந்த கோபம் அப்படியே என்மேல் திரும்பியது.

"அன்றைக்குச் சொன்னது முட்டாள்தனம். எனக்கு எட்டு வாரமும் வேண்டும்," என்றேன். தேநீர் அறைவரை கேட்டிருக்கும். ஹெலன் முகம் சிவக்கக் கையெழுத்துப் போட்டார். ஊரிலிருந்து அண்ணன் போன் செய்து, "பெத்தது அவ, லீவு உனக்கா?" என்று சிரித்தான். பாதியில் வைத்துவிட்டேன்.

மகன் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. ஏவன்டேல் வாடகை வீட்டில், காலை வெயிலில், என் மார்பில் தூங்குகிறான். மாமியார் குளித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டுகிறார்.

"குடுங்க மாப்ள. ஆம்பளைக்கு இதெல்லாம் வராதுங்க."

"நான் வச்சுக்கறேன் அத்தை."

"அப்புறம் நான் எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தேன்?"

அவர் கைகளை இறக்கவில்லை. கரூரே வந்து என் முன்னால் கை நீட்டி நிற்கிறது. நான் பிள்ளையைக் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.