தூங்குமூஞ்சிக் கோழிகளும் நானும்

எனக்குக் கோழி என்றால் பயம். தட்டில் இருக்கும் கோழியோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. உயிரோடு இரண்டு காலில் நின்று, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கிற கோழியைச் சொல்கிறேன். முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிட்ட இரண்டாம் வகுப்புப் பயணியை டிக்கெட் பரிசோதகர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

இப்படி ஒரு குறையை வெளியே சொல்லாமலே ஒருவன் ஆயுளை ஓட்டிவிடலாம். என்னால் முடியவில்லை, ஏனென்றால் என் உத்தியோகமே கோழியின் வாயைத் திறந்து, பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையைத் துடைத்து எடுப்பதுதான். பிறகு அதே கோழியைத் திருப்பிப் பிடித்து, மறுமுனையிலும் வேறொரு குச்சியால் அதையே செய்ய வேண்டும். முதல் முனையில் கொத்தும், மறுமுனையில் என்ன செய்யும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அதற்கு முன்பு மும்பை செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். மனிதர்களைக் குத்துவதில் நல்ல பெயர் வாங்கியவன். பறவைக் காய்ச்சல் ஊருக்குள் பரவுவதற்கு முன்பே மோப்பம் பிடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்காணலுக்குப் போனேன். கோழிகளோடு பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் உண்டு என்றேன். சிரித்தார்கள், வேலையும் கொடுத்தார்கள். அந்தச் சிரிப்பின் முழு அர்த்தம் முதல் கூண்டுக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் வேலையின் தத்துவம் எளிமையானது. கோழிகள் கும்பலாகச் செத்து விழுந்த பிறகு தெரிந்து பயனில்லை. முதல் கோழி சுணங்கும்போதே தெரிந்துவிட்டால் அந்தக் கடையோடு நிறுத்தலாம். கோழியிடமிருந்து கடைக்காரருக்கும், அவரிடமிருந்து தெருவுக்கும் வந்துவிட்டால், வீடு வீடாகத் தோளை உரசிக்கொண்டு வாழும் தாராவியில் யாரை எங்கே தள்ளி நிற்கச் சொல்வது? அதனால் நானும் என்னோடு இரண்டு பேரும் வெள்ளை உடுப்பும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாகப் போவோம். முதல் தடவை போனபோது ஒரு அம்மாள் மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க வந்தீரா, அப்படியே எங்க வீட்டுக்கும் ஏறி வாரும் என்றாள்.

கடைக்காரர்களுக்கு நாங்கள் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. முதலில் டீ வரும். பிறகு, கடையிலேயே கொழுத்த, கொண்டை சிவந்த, பளபளக்கும் ஒரு கோழியை வெளியே எடுத்து வந்து காட்டுவார்கள். பெரும்பாலும் எங்கள் ஊர்க்காரர்கள், திருநெல்வேலிப் பக்கத்து மரியாதை அது; வந்தவருக்கு மட்டமான சரக்கைக் காட்டினால் குடும்ப மானம் போய்விடும். என் சகாக்கள் இருவரும் வீரர்கள். அந்தக் கோழியை லாகவமாகப் பிடித்து, குச்சியை விட்டு, போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். போட்டோவில் கோழிதான் எல்லோரையும்விட ஆரோக்கியமாக இருக்கும்.

நான் மட்டும் கூண்டின் மூலையில் தேடுவேன். அங்கே ஒன்று கண்ணை மூடி, சிறகு தொங்கி, உலகத்தின் மேல் ஆசையற்று உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வரும். கொத்தாது, பறக்காது, முறைக்காது. அது வேண்டாம் சார், அதுக்கு மேலுக்கு முடியல என்று கடைக்காரர் வெட்கப்படுவார். பரவாயில்லை, எனக்கு இதுவே போதும் என்பேன். என்ன அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொள்வார்.

இப்படியே வருஷம் ஓடியது. தயார்நிலைக் கூட்டம் ஒன்று நடந்தது. பேனர் கட்டி, சமோசா கொடுத்து, எங்கேயும் பறவைக் காய்ச்சல் இல்லை என்று ஒருவர் திரையில் காட்டினார். அவரைத் தவிர எல்லோரும் கை தட்டினார்கள். அவர் கையில் மைக் இருந்தது. கை தட்டாத இன்னொருவர் எங்கள் மேடம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த கால்நடை மருத்துவர். கோழியைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ருசி.

கூட்டம் முடிந்ததும் எங்கள் மூவரையும் நிறுத்தினார்.

"வருஷம் பூரா இவா ரெண்டு பேர் சாம்பிள்ள ஒரு கோழிக்குக்கூட ஜலதோஷம் இல்லைன்னா, ஒண்ணு, பாம்பே கோழியெல்லாம் யோகா பண்றது. இல்லைன்னா நாம தப்பான கோழியைப் பார்க்கறோம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க சாம்பிள்ள மட்டும்தான் சாதாரண வியாதியாவது ஏதாவது அகப்படறது. எப்படித் தேர்ந்தெடுக்கறேள்?"

பயத்தால் என்று சொல்லியிருக்கலாம். ஒரு உள்ளுணர்வு மேடம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சகாக்கள் என்னைப் பார்த்த பார்வையில் கோழிகளே பரவாயில்லை என்று தோன்றியது.

டிசம்பரில் செம்பூரில் ஒரு காலனி மைதானத்தில் காகங்கள் செத்துக் கிடந்தன. காகங்களின் பரிசோதனை முடிவு வருவதற்குள் சுற்றுவட்டாரக் கடைகளை எல்லாம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். தாராவியில் எனக்கு ஒதுக்கிய வரிசையில் என் அத்தானின் கடையும் இருந்தது.

அத்தான் என்றால் என் அக்காள் புருஷன். கீழே கோழிக்கடை, மேலே இரும்பு ஏணியில் ஏறும் அறையில் குடித்தனம். கிறிஸ்துமஸ் வாரம் என்றால் அவருக்கு வருஷத்தின் பாதி வியாபாரம். எங்கள் சபைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம்தான் பிரியாணிக்குச் சொல்லி வைப்பார்கள். கூண்டுகள் நிறைந்து, கடைக்கு மேல் காகித நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. என் பயத்தை உலகத்தில் முழுசாக அறிந்த ஒரே ஆத்மாவும் அவர்தான்.

"வாரும் டாக்டரே," என்றார். "மாப்ளைக்குன்னே ஒருத்தன நிறுத்தி வச்சிருக்கேன். பாரு, பாடி பில்டர்லா."

அவர் கையில் ஒரு சேவல் இருந்தது. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்காமல் குச்சியை நீட்டினேன். அடுத்து என்ன நடந்தது என்பதை நான் பின்னால் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். சேவல் என் முகக் கண்ணாடிக்குத் தாவியிருக்கிறது. நான் பின்னால் தாவியிருக்கிறேன். தண்ணீர் டிரம்முக்கு அருகில் சாக்குப் போட்டு மூடியிருந்த பழக்கூடை ஒன்றின் மேல் விழுந்தேன். கூடை கவிழ்ந்தது. உள்ளே இருந்த கோழிகள் உருண்டு வந்து, உருண்ட இடத்திலேயே கிடந்தன. எழுந்திருக்க எந்த முயற்சியும் இல்லை. கழுத்து ஒருபக்கம் திருகி இருந்தது.

ஏணியில் இறங்கி ஓடி வந்து, சாக்கை எடுத்து மறுபடி மூடப் பார்த்தது அக்காள்.

"ஏல, அதுவ சும்மா தூங்குது. ராத்திரி பூரா டிரெயின் சத்தம்லா."

"மத்த கோழிக்கெல்லாம் காது கேக்காதாக்கா?"

அத்தானின் சிரிப்பு நின்றுவிட்டது. "மாப்ள, கிறிஸ்மஸ் முடியட்டும். அதுக்குப் பொறவு நீ குச்சிய எங்க வேணும்னாலும் விடு. இப்ப எடுத்துட்டுப் போனன்னா தந்தா பந்த், யாவாரமே படுத்துரும்."

அவர் சொன்னது பொய்யில்லை. முடிவு வரும்வரை கடையை மூட வேண்டும். அந்த நோய்தான் என்றால் இந்தக் கூண்டு மட்டுமல்ல, தெருவின் கூண்டுகளே காலியாகிவிடும். நான் அங்கே நின்றுகொண்டு, பார்க்காதவனாக இருப்பதற்கு ஒரு நல்ல காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்டக் கிடைத்தும்விட்டது. அப்போது அக்காள் மூக்கை உறிஞ்சியது.

எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். தூசி என்றது. காய்ச்சல் உண்டா என்றேன். சுக்குக்காப்பி குடித்தால் போய்விடும் என்றது. இந்தக் கோழிகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டதற்கு, பெருமையாகவே பதில் வந்தது.

"நாந்தான். வாயத் தொறந்து மஞ்சத்தண்ணி ஊத்துனேன். ஒண்ணு மூஞ்சிலயே தும்மிட்டு."

எனக்குப் பயம் வந்தது. கோழி பயம் இல்லை, இது வேறு. ஐஸ் பெட்டியைத் திறந்தேன். கடமையுணர்ச்சியால் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அந்தக் கடையில் நான் தைரியமாகத் தொடக்கூடிய கோழிகள் அவை மட்டும்தான் என்பதும் உண்மை. எல்லாவற்றையும் துடைத்து எடுத்து மூடிவிட்டு, நீயும் ஆஸ்பத்திரிக்கு வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அக்காளிடம் சொன்னேன்.

"எனக்கும் கோழிக்கும் ஒரே டெஸ்டால?"

"இல்லக்கா. உனக்கு ஒரு முனைதான்."

அக்காள் சிரிக்கவில்லை. அத்தான் ஷட்டரை இழுத்து இறக்கினார். நட்சத்திரம் வெளியே, வெளிச்சமில்லாமல் தொங்கியது.

முடிவு வரும்வரை நான் தாராவியில் நடந்த விதத்தை விவரிக்க வேண்டாம். முன்பெல்லாம் நலம் விசாரித்தவர்கள் இப்போது கோழி விசாரித்தார்கள். இந்த வருஷம் பருப்பு பிரியாணியா, தம்பி புண்ணியத்தில் என்றார் சபையில் ஒரு பெரியவர். ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்த அக்காள் டாக்சியில் முழு நேரமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தது. நான் பேச்சுக் கொடுத்தபோதெல்லாம் மூக்கை உறிஞ்சியது. ஒவ்வொரு உறிஞ்சலையும் நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

மேடம் போனில் கூப்பிட்டார். அக்காளுக்குச் சாதாரண ஜலதோஷம். காகங்களிலும் கோழிகளிலும் பறவைக் காய்ச்சல் இல்லை; கோழிகளுக்கு வந்திருந்தது வெள்ளைக்கழிச்சல். கோழிகளுக்கு எமன், நமக்கு அவ்வளவாகத் தொந்தரவில்லை. ஆனால் கூடையில் வைத்துப் பொத்தியிருந்தால் கிறிஸ்துமஸுக்குள் எல்லாக் கூண்டையும் துடைத்துவிட்டுப் போயிருக்கும் என்றார். சீக்குக் கோழிகளைப் புதைத்து, கடையைக் கழுவி, பண்டிகைக்கு முந்தின நாள் பாதிக் கூண்டோடு அத்தான் ஷட்டரைத் தூக்கினார். சோதனை செய்யப்பட்ட கோழி என்று தமிழிலும் இந்தியிலும் பலகை எழுதி மாட்டியதுதான் அவர் சாமர்த்தியம். மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது.

இப்போது மேடம் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறார்: சுணங்கின கோழிக்கு முதல் குச்சி, மினுங்குகிற கோழி அப்புறம். அந்த உள்ளுணர்வை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில். கடைக்காரர்களும் மாறிவிட்டார்கள். மரியாதை அதேதான், டீயும் அதேதான், சரக்குத்தான் வேறு. சார், உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன் என்று, கடையிலேயே பரிதாபமான ஜீவனைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

அக்காள் கிறிஸ்துமஸ் அன்றும் சரியாகப் பேசவில்லை. பிரியாணியை மட்டும் மலைபோலக் குவித்தது. பிறகு ஒரு நாள் காலையில், நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தானாகவே போன் செய்தது.

"ஏல, மூலைல ஒண்ணு ஒருமாதிரியா இருக்கு. பெட்டியத் தூக்கிட்டு வா."

கூடையில் ஒளித்து வைத்த அதே அக்காள். நான் பற்பசையை விழுங்கிவிட்டேன்.

"கண்ண மூடியிருக்கா, தொறந்திருக்கான்னு பாத்துச் சொல்லுக்கா," என்றேன். "தொறந்திருந்தா வேற ஆள அனுப்புதேன்."