வேலியில் நின்ற கூவல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குக் குளச்சல் வந்தால் அக்காவிடம் பீற்றிக்கொள்வது வழக்கம். ஓர் ஆனி மாதம் அப்படிப் பீற்ற அகப்பட்டது, விஞ்ஞானிகள் அப்போதுதான் புதிதாகப் பேசத் தொடங்கியிருந்த எக்சிடான்.

மெல்லிய படிகத் தகட்டில் ஒளி பட்டால் எலெக்ட்ரான் ஒன்று எழும்பும், ஆனால் தான் விட்டுவந்த வெற்றிடத்தோடு பிணைந்தே இருக்கும், அந்த ஜோடியின் ஆற்றல் ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி அலையும், அணுக்கள் நகர்வதில்லை, வழியில் வேற்று அணு ஏதும் இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும் என்றெல்லாம் விளக்கினேன். நிறைமாத வயிற்றோடு வலை பிரித்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தாள்.

"ஆளு நவராது, சங்கதி மட்டும் போவும். நம்ம கூவலுதானலே! இதுக்கா இம்புட்டு படிச்ச?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் வந்தது.

கடல் கொந்தளிக்கும் நாட்களில் ஒரு கட்டுமரம் கரையேறினால், வந்தவன் பெயரைக் கரையோர வீட்டுக்காரி கூவுவாள். அடுத்த வீட்டுக்காரி அதை வாங்கிக் கூவுவாள். பெயர் மட்டும்தான், ஒரே தடவைதான். பெயர் வந்துவிட்டால் ஆள் பிழைத்தான். கட்டியவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை என்பதால், அதை மட்டும் வீட்டில் வேறு யாராவது கூவிவிடுவார்கள்.

அக்காவின் வீடு வரிசையில் கடைசி. அதற்கு முந்திய வீட்டில் ஒரு விதவை தனியாக இருந்தாள். அவள் கணவரைக் கடல் கொண்டுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவருக்கும் என் அத்தானுக்கும் ஒரே புனிதரின் பெயர்.

இரண்டு நாள் கழித்துக் காற்று புரட்டிப்போட்டது. அத்தான் கடலில் இருந்தார். மற்றவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. திடீரென்று அந்த விதவை மழையில் வேலியோரம் ஓடிவந்து நின்றாள். வாய் திறந்தது, குரல் வரவில்லை. இரண்டு கையையும் எங்களைப் பார்த்து ஆட்டினாள். அது அவள் வாயால் சொல்லக்கூடாத பெயர் என்பது அந்தப் பதற்றத்தில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"போயாச்சா? எனக்க மாப்பிள போயாச்சா மக்கா!" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். நான் அவளைத் தாங்கிப் பிடித்தேன்.

விதவை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பெயரைக் கூவினாள்.

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. கேட்டாகிவிட்டது, அத்தான் பிழைத்துவிட்டார். கூவல் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பக் கூவிக்கொண்டே நின்றாள்.